எண்பதாயிரத்து நான்கு

வீட்டில் உட்கார வைக்கப்பட்ட பஸ் டிரைவரைவிடப் பெரிய தொல்லை ஒரு குடும்பத்துக்கு வரவே முடியாது. இதை என் மனைவி சொல்லவில்லை, நானே சொல்கிறேன். சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருப்பேன். படத்தில் எவனாவது வளைவில் வேகத்தைக் குறைக்காமல் வந்தால் போதும், என் வலது கால் தானாகத் தரையை அழுத்தும்.

“நின்னுடுச்சா வண்டி? இறங்கறவங்க எல்லாம் இறங்கிட்டாங்களா?” என்பாள் அவள், கையில் இருக்கும் துணியிலிருந்து தலையைத் தூக்காமலே.

இருபத்தாறு வருடம் பஸ் ஓட்டினேன். ஒருநாள் காலை, நாக்கில் இரும்பை நக்கியதுபோல ஒரு சுவை தட்டியது. அதற்கடுத்து எனக்குத் தெரிந்தது கண்டக்டரின் முகம். பஸ் நடைபாதையில் ஏறி ஒரு விளக்குக் கம்பத்தில் சாய்ந்து நின்றது. கண்டக்டர் பாய்ந்து வந்து ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்கிறான். யாருக்கும் பெரிய அடி இல்லை. எனக்கு நாக்கு ஓரம் கடிபட்டிருந்தது, அவ்வளவுதான். வலிப்பு என்றார் டாக்டர். கை காலை உதறிக்கொண்டு கீழே விழுவதுதான் வலிப்பு என்று நான் நினைத்திருந்தேன். உட்கார்ந்த இடத்திலேயே, கண் திறந்தபடியே ஆள் மட்டும் காணாமல் போவதும் வலிப்புதானாம்.

“பஸ்ஸ மறந்துடுங்க. சொந்த வண்டின்னா, ஒரு வருஷம் பாக்கலாம். ஒரு தடவகூட வராம இருந்தா கையெழுத்துப் போடறேன். நடுவுல வந்தா, மறுபடியும் முதல்ல இருந்து” என்றார் டாக்டர்.

கண் சிமிட்டும் நேரம் அசந்துவிட்டேன், அதற்குப் போய் ஒரு வருடமா என்று கோபம் எனக்கு. எத்தனை நேரம் அப்படி இருந்தேன் என்று கண்டக்டரைக் கேட்டபோது அவனும், “கொஞ்ச நேரந்தாண்ணே” என்றுதான் சொன்னான். அந்தக் ‘கொஞ்ச நேர’த்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

வீட்டில் இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்தேன். குழாய் வாஷரை மாற்றினேன். நன்றாக இருந்த வாஷரையும் மாற்றி ஒழுக வைத்தேன். கடைசியில், “எங்கண்ணன் கடைக்காவது போய்ட்டு வாங்களேன், வீடு கொஞ்சம் மூச்சு விடட்டும்” என்று அவளே துரத்தினாள். அதற்காக அவள் பிறகு தன்னைத்தானே நொந்துகொண்டாள்.

மச்சான் பழைய வண்டிகளை வாங்கி உடைத்து விற்பவர். அவருடைய இடத்தின் மூலையில், ஒரு லாரிக் கூண்டுக்குப் பின்னால், அந்தப் பிக்கப் நின்றது. பெட்ரோல் வண்டி. முன் விளக்கு ஒன்று இல்லை, பின்தட்டில் புல் முளைத்திருந்தது. கதவைத் திறந்ததும் எலிப் புழுக்கை வாடை குப்பென்று அடித்தது. நான் அதையெல்லாம் பார்க்கவில்லை. ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். எத்தனையோ நாளுக்குப் பிறகு என் தோள் இரண்டும் இறங்கி ஓர் இடத்தில் நின்றன.

மச்சான் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி மீட்டரைத் துடைத்துக் காட்டினார். 79999.

“பாத்தீங்களா மாப்ளே, இன்னும் ஒரு கிலோமீட்டர் போயிருந்தா முழுசா எண்பதாயிரம். ஒரு அடி முன்னாடி உயிர விட்டிருக்கு.”

“மீட்டர் சரியா ஓடுமா?”

“ஓடும். ரிவர்ஸ் போட்டா கொறையவும் கொறையும். பின் சக்கரத்த ஜாக்கியில தூக்கி வெச்சு, ரிவர்ஸ்ல ராத்திரி முழுக்க ஓட விட்டுப் பாதி ஓட்டத்த முழுங்கினவனுங்கள எல்லாம் நான் பாத்திருக்கேன். தரையில பட்டா என்ன, படாட்டி என்ன, சக்கரம் சுத்துனா மீட்டருக்குக் கணக்குதான்.”

வண்டியைக் கட்டி இழுத்து வந்து வீட்டுப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் விட்டபோது, என் மனைவி வாசலில் இடுப்பில் கை வைத்து நின்றாள்.

“இந்த வயசுல எனக்கு ஒரு சக்களத்தியா?”

“ஓடாத வண்டிதானே.”

“ஓடாத வரைக்கும் இருக்கட்டும். டாக்டர் கையெழுத்துப் போடறதுக்கு முன்னாடி இது ஒரு அங்குலம் உருண்டுச்சுன்னு வைங்க, அன்னிக்கு நான் யாருன்னு தெரிஞ்சுக்குவீங்க.”

என் திட்டம் எளிமையானது. ஒரு வருடம் முடிவதற்குள் வண்டியை உயிர்ப்பிக்க வேண்டும். டாக்டர் பேனாவை மூடுவதற்குள் நான் ரோட்டில் இருக்க வேண்டும். இதில் ஒரே ஒரு சிக்கல், எனக்கு வண்டியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. இருபத்தாறு வருடத்தில் நான் பானட்டைத் திறந்ததில்லை. டிப்போவில் அதற்கென்று ஆட்கள் இருந்தார்கள். வண்டி சத்தம் போட்டால், “சத்தம் போடுது” என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போய்விடுவேன்.

ஆகவே முதல் வேலையாக நீலப் பெயின்ட் வாங்கினேன்.

மச்சான் வந்து டப்பாவைப் பார்த்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் தகரம் அதிர்ந்தது. “பொணத்துக்குப் பவுடர் பூசப் போறீங்களா மாப்ளே? முதல்ல எஞ்சின் கையால சுத்துதான்னு பாருங்க. அப்புறம் ஓடுதான்னு பாருங்க. அதுக்கப்புறம் நிக்குதான்னு பாருங்க. நிக்காத வண்டிய ஓட்டவே கூடாது. அழகெல்லாம் கடைசி.”

பிளக்குகளைக் கழற்றி, ஓட்டைகளில் ஆயில் ஊற்றி, ஊற விட வேண்டும் என்றார். எத்தனை நாள் என்று கேட்டேன். அது விடும்போது விடும் என்றார். எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது. காலையில் ஒருமுறை, பல் துலக்கிவிட்டு ஒருமுறை, சாப்பிட்டுக் கை கழுவிய ஈரத்தோடு ஒருமுறை என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு ஓடினேன். முன்னால் இருக்கும் பெரிய புல்லி நட்டில் ஸ்பேனரை மாட்டி இழுத்தால், கல்லை இழுப்பதுபோல் இருந்தது.

“துணிய ஊற வெச்சா, யாராவது நிமிஷத்துக்கு ஒரு தடவ தூக்கிப் பாப்பாங்களா? அதும்பாட்டுக்கு ஊறட்டும், வாங்க” என்பாள்.

அவள் ஆடைத் தொழிற்சாலையில் லைன் சூப்பர்வைசர். நாற்பது தையல் மெஷின்களும் நாற்பது வாய்களும் அவள் கண் பார்வையில் ஓடுகின்றன. கொட்டகைக்கு அவள் முதலில் வந்தது என்னைத் திட்டத்தான். நான் பொறுமை இழந்து கார்புரேட்டரை அக்கக்காகப் பிரித்து ஒரு தட்டில் கொட்டி வைத்திருந்தேன். எது எங்கிருந்து வந்தது என்று கேட்டாள். நான் தட்டைப் பார்த்தேன். ஒரு ஸ்பிரிங் ஏற்கெனவே எங்கோ தெறித்துப் போயிருந்தது.

“காலர், கை, பட்டி எல்லாத்தையும் ஒரே மூட்டையில போட்டா, சட்டை எப்படிங்க தைப்பீங்க?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் தொழிற்சாலையிலிருந்து வெட்டுத் துணிப் பைகளும் நூல் கட்டிய சீட்டுகளும் கொண்டுவந்தாள். அன்றிலிருந்து கழற்றும் ஒவ்வொரு போல்ட்டும் பைக்குள் போய், கழுத்தில் சீட்டுக் கட்டிக்கொண்டது. தெறித்த ஸ்பிரிங்கையும் அவள்தான் தரையில் முழங்காலிட்டுத் தேடி எடுத்தாள். திட்ட வந்தவள் திட்டிக்கொண்டே தங்கிவிட்டாள்.

ஒரு விடுமுறைநாளில் ஸ்பேனர் அசைந்தது. முதலில் என் கைதான் வழுக்கிவிட்டது என்று நினைத்தேன். மறுபடி இழுத்தேன், எஞ்சினுக்குள் ஏதோ பெருமூச்சு விட்டுப் புரண்டது. நான் கத்திய கத்தலில் அவள் அடுப்பை அணைக்காமல் ஓடிவந்தாள். அன்றைய சாப்பாடு அடிப்பிடித்தது, இருவரும் அதையே வழித்துச் சாப்பிட்டோம்.

அதன்பின் பெட்ரோல் டாங்கின் துருவைக் கழுவினோம், எலிக்கூட்டை அள்ளினோம், பேட்டரி மாட்டினோம். எஞ்சின் முதல்முறை பற்றிக்கொண்டபோது கரும்புகை கொட்டகையை நிறைத்து, அவள் காயப்போட்டிருந்த துணியை எல்லாம் மறுபடி துவைக்க வைத்தது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தால் அணைந்து அணைந்து போனதால், மிதிக்காமலே ஓடும்படி நான் ஐட்லிங் ஸ்குரூவைத் திருகிக் கொஞ்சம் கூடுதலாகவே வைத்தேன்.

அந்தச் சாயங்காலம் அவள் டாஷ்போர்டு கண்ணாடியைத் துடைத்தாள். மீட்டர் அருகில் கை நின்றது.

“ஏங்க, இது மாறும்போது அஞ்சு நம்பரும் ஒண்ணா உருளுமா, இல்ல ஒவ்வொண்ணா உருளுமா?”

“தெரியல. பஸ்ல மீட்டரையா பாத்துக்கிட்டு ஓட்டுவாங்க?”

“நான் பாக்கணும். நான் பக்கத்துல இல்லாம உருட்டிடாதீங்க, சொல்லிட்டேன்.” அவள் இப்படி ஒன்றை ஆசையாகக் கேட்டு நான் பார்த்து வெகுநாள் ஆகியிருந்தது. அடுத்த மாதம், டாக்டர் கையெழுத்துப் போட்டதும், முதல் கிலோமீட்டர் உன்னோடுதான் என்று சொன்னேன்.

மிச்சம் இருந்தது பின் சக்கரங்களின் பிரேக். குழாயில் புகுந்த காற்றை வெளியே எடுக்க இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் அடியில் படுத்துச் சக்கரத்துக்குப் பின்னால் உள்ள நிப்பிளைத் திறந்து மூட வேண்டும். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்பக்கத்தை ஜாக்கியால் தூக்கி ஸ்டாண்டுகளில் நிறுத்தினோம். நான் நேராக டிரைவர் சீட்டில் ஏறிக்கொண்டேன். அவள் சாக்கை விரித்துக் கீழே படுத்தாள்.

“நான் படுக்கறேன்னு ஒரு வார்த்த வருதா பாரு வாயில” என்றாள் கீழேயிருந்து.

“பெடல் என்னோட டிபார்ட்மென்ட்.”

“அமுக்குங்க. பிடிங்க. இன்னும் பிடிங்க... ம், விடுங்க. ஐய, எவ்வளவு குமிழி வருது பாருங்க!” நான் எங்கே பார்ப்பது, நான்தான் ராஜா மாதிரி மேலே இருந்தேனே. ஒரு சக்கரம் முடிந்தது. இன்னொன்றை அடுத்த விடுமுறையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வண்டியை அப்படியே தூக்கிய நிலையில் விட்டோம்.

மறுநாள் அவள் வேலைக்குக் கிளம்பும்போது சொன்னாள். “கீழ இறக்கிடாதீங்க.”

இறக்கவில்லை. அந்த வாக்கை நான் மீறவேயில்லை. காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு மாத்திரையையும் விழுங்கிவிட்டு, எஞ்சினைச் சும்மா கொஞ்சம் ஓடவிடலாம் என்றுதான் கொட்டகைக்குப் போனேன். சாவியைத் திருப்பினேன். முதல் திருப்பிலேயே பற்றிக்கொண்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு கையைக் கட்டி உட்கார்ந்திருக்க என்னால் ஆகுமா? சக்கரம் தரையில் படவில்லை. தரையில் படாவிட்டால் அது ஓட்டுவது ஆகாது. டாக்டரே வந்து நின்றாலும் இதை எடுத்துச் சொல்லி ஜெயித்துவிடலாம் என்று தோன்றியது. கிளட்சை மிதித்து முதல் கியர் போட்டேன். பின்னால் சக்கரங்கள் காற்றில் சுழலத் தொடங்கின. இரண்டு. மூன்று. டாப். எதிரே கொட்டகைச் சுவரில் ஒரு பழைய சைக்கிள் டயர் தொங்கிக்கொண்டிருந்தது. நான் அதைப் பார்த்துக்கொண்டே ஊர்ஊராகப் போனேன். பல மாதங்களாக என்னைப் பிடுங்கிக்கொண்டிருந்த பரபரப்பு அப்படியே அடங்கியது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அழுதேன்.

அப்போதுதான் மீட்டர் கண்ணில் பட்டது. மச்சான் சொன்னது ஞாபகம் வந்தது. கடைசி ஒன்பது மேலே நகர்ந்துகொண்டிருந்தது. அதன் அடியில் சைபரின் வளைவு எட்டிப் பார்த்தது. அவள் பார்க்க வேண்டியது. நிறுத்தவேண்டும் என்று சாவியை நோக்கிக் கையைக் கொண்டுபோனேன். கார்புரேட்டரிலிருந்து வந்ததோ என்னவோ, நாக்கில் ஒரு இரும்புச் சுவை.

தண்ணீர் கொதிக்கும் சத்தம் கேட்டது. பானட்டின் விளிம்பிலிருந்து ஆவி வந்துகொண்டிருந்தது. இதை யார் அடுப்பில் வைத்தது என்று யோசித்தேன். என் கை எங்கே இருக்கிறது என்று தேடினேன், மடியில் இருந்தது. சூடு காட்டும் முள் சிவப்பில் நின்றது. எஞ்சின் தானாக ஓடிக்கொண்டிருந்தது, சக்கரங்கள் சுற்றிக்கொண்டிருந்தன. சாவியைத் திருப்பி அணைத்தேன். நாக்கின் ஓரம் எரிந்தது. துப்பினேன், சிவப்பாக இருந்தது.

மீட்டர் 80004 என்றது.

வெகுநேரம் அதையே பார்த்தேன். பஸ் டிரைவருக்குக் கிலோமீட்டரைச் சொன்னால் கண்முன்னே ரோடு வந்துவிடும். எங்கள் வாசலிலிருந்து முதல் கிலோமீட்டர் முடிவதற்குள் பள்ளிக்கூடம். இரண்டாவதில் மார்க்கெட். மூன்றாவதில் ரயில்வே கேட். நான்கு என்றால் ஆஸ்பத்திரி வாசல், பிரசவ வார்டுக்கு வருகிறவர்கள் சாலையைக் கடக்கும் இடம். இத்தனையையும் நான் தாண்டியிருக்கிறேன், கண் திறந்தபடி, ஒன்றையும் பார்க்காமல். கண்டக்டர் சொன்ன ‘கொஞ்ச நேரம்’ எவ்வளவு நீளம் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

அந்தப் பயம் இருந்த இடத்திலேயே இன்னொரு புத்தியும் வேலை செய்தது. யாரும் பார்க்கவில்லை. நாக்கைக் கடித்தது எனக்கு மட்டும்தான் தெரியும். அடுத்த மாதம் டாக்டர், “ஏதாவது வந்துச்சா?” என்பார். இல்லை என்றால் தீர்ந்தது. காட்டிக்கொடுக்கக்கூடியது மீட்டர் ஒன்றுதான். அதற்கும்தான் மச்சான் வழி சொல்லியிருக்கிறாரே.

எஞ்சின் ஆறும்வரை காத்திருந்து, ரேடியேட்டரில் தண்ணீர் ஊற்றினேன். ஏறினேன், ஸ்டார்ட் செய்தேன். ரிவர்ஸ் போட்டேன். ஐந்து கிலோமீட்டர் பின்னால் போனால் போதும், ஒன்றுமே நடக்கவில்லை என்றாகிவிடும். கிளட்சை விட வேண்டியதுதான் பாக்கி. இடது கால் அசைய மறுத்தது. நாக்கில் சுவை தட்டுகிறதா தட்டுகிறதா என்று பார்த்துப் பார்த்து வாயெல்லாம் உலர்ந்துபோனது. என் வாழ்நாளில் டிரைவர் சீட் என்னைப் பயமுறுத்தியது அன்றுதான். நியூட்ரலுக்குத் தள்ளி, அணைத்துவிட்டு, கதவைப் பிடித்துக்கொண்டு இறங்கினேன்.

ரேடியேட்டர் மூடி உடைந்துவிட்டது, சோதித்துப் பார்த்தேன், மீட்டர் தவறுதலாக ஓடிவிட்டது என்று சாயங்காலம்வரை பொய்யைக் கட்டிக் கட்டிப் பிரித்தேன். அவள் வந்ததும் பையைக்கூட வைக்காமல் கொட்டகைக்குப் போனாள். கொதித்த வாடை அவளை இழுத்திருக்கும். ஜன்னல் வழியாக உள்ளே பார்த்தாள். இதோ வெடிக்கப்போகிறது என்று நின்றேன்.

வெடிக்கவில்லை. முகம்தான் வாடிப்போனது.

“உருட்டிட்டீங்களா?”

“கீழ இறக்கல. தூக்கி வெச்ச மாதிரியேதான்...”

“நான் வர்ற வரைக்கும் பொறுக்க முடியல, இல்ல?” கண்ணாடியில் விரலால் ஒரு கோடு இழுத்தாள். பிறகு, கோபித்துக்கொள்ளத் தெம்பில்லாத குரலில் கேட்டாள். “சரி, போகட்டும். எப்படி இருந்துச்சு? அஞ்சும் ஒண்ணா உருண்டுச்சா?”

எல்லாப் பொய்யும் தயாராக இருந்தது, இதற்கு ஒன்று மட்டும் இல்லை. ‘ஒண்ணா உருண்டுச்சு’ என்று சொல்ல எத்தனை நேரம் ஆகும்? அவள் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், நன்றாக இருந்தது என்று நான் சொல்வதைக் கேட்பதற்காக.

“பாக்கல” என்றேன்.

“உள்ளதான உக்காந்திருந்தீங்க?”

“உள்ளதான் இருந்தேன்.”

பை அவள் தோளிலிருந்து நழுவி முழங்கையில் வந்து நின்றது. அருகில் வந்தாள்.

“நாக்க நீட்டுங்க.”

நீட்டினேன். செல்போன் வெளிச்சத்தை அடித்து, என் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள். பிறகு வெளிச்சத்தை அணைத்துவிட்டு, பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்துவிட்டாள். நான் எதிரே தரையில் உட்கார்ந்தேன். காலையில் நடந்ததை, ரிவர்ஸ் போட்டதுவரை, ஒன்றுவிடாமல் சொன்னேன்.

“மறுபடியும் முதல்ல இருந்து” என்றேன் கடைசியில்.

“அந்தச் சாவியக் கொடுங்க” என்றாள். கொடுத்தேன்.

டாக்டரிடம் நானேதான் சொன்னேன். மாத்திரையை மாற்றி எழுதிவிட்டுப் பேனாவை மூடினார்.

அடுத்த விடுமுறையில் மீதமிருந்த சக்கரத்தை முடிக்கக் கொட்டகைக்குப் போனோம். பழக்க தோஷத்தில் கதவில் கை வைத்தேன். அவள் சாக்கை எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் கீழே படுத்தேன். அவள் ஏறி உட்கார்ந்தபோது ஸ்பிரிங் முனகியது.

“இதுல எதுங்க பிரேக்கு?”

“நடுவுல இருக்கறது.”

“இருங்க, சீட்ட முன்னாடி தள்ளிக்கறேன். எனக்குக் கால் எட்ட வேண்டாமா?” சீட்டை நகர்த்தும் சத்தம் கேட்டது. இருந்த இடத்திலிருந்து அது வெகுதூரம் முன்னால் போனது. “இன்னொண்ணு. கீழ இருந்து பேசிக்கிட்டே இருங்க. சத்தம் நின்னா நான் இறங்கி வந்துடுவேன்.”

“அமுக்கு” என்றேன்.

“அமுக்கிட்டேன்.”

“பிடி.” நிப்பிளைத் திறந்தேன். டியூபில் ஆயிலோடு குமிழிகள் புறப்பட்டு வந்தன. இத்தனை நாள் அவள் சொல்லிக்கொண்டிருந்தது இதைத்தான். “குமிழி வருது. நிறைய வருது. பிடிச்சுக்க. இன்னும் வருது. இப்ப மூடறேன். மூடிட்டேன். விடு.”

“விட்டாச்சு.”

“அமுக்கு” என்றேன். குமிழி நின்ற பிறகும் நான் பேச்சை நிறுத்தவில்லை.